வீடு தெரியாமல் போகும் கனவு: சி.வி. வேலுப்பிள்ளையின் வாழ்வு

இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களிடம் கனவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஆள் மாறினாலும் ஒரு கனவு திரும்பத் திரும்ப வரும். தெரிந்த ஒழுங்கையில்தான் நடக்கிறோம். சந்தி இருக்கிறது, கோயில் இருக்கிறது, வீடு மட்டும் இல்லை. யாரிடமாவது கேட்கலாமென்றால் எதிரே வருகிறவர்கள் நம்மைக் காணாதவர்கள் போலப் போகிறார்கள். கையில் பிடித்திருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தால் பிள்ளையும் இல்லை. வன்னியில் இந்தக் கனவு மணல் பாதையில் நடக்கும். மலையகத்தில் அது பனிமூட்டத்தில் நடக்கும். கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்குகிறவருக்கு லயத்துக்குப் போகும் படி தட்டுப்படாது. பீலியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், பீலி தெரியாது.

இதற்கு என்ன அர்த்தம் என்று நம்மவர்கள் வெகுகாலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். தமிழில் கனவுக்குப் பலன் சொல்லவே ஒரு கனா நூல் உண்டு. முன்னிரவில் கண்டது பலிக்க ஓராண்டு ஆகும், விடியலில் கண்டது பத்தே நாளில் பலிக்கும் என்று நேரம் குறித்துச் சொல்லும் மரபு நம்முடையது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தோழியிடம் சொல்லும் கெட்ட கனவும் இப்படித்தான் தொடங்குகிறது. கணவன் கையைப் பிடித்துக்கொண்டு முன்பின் அறியாத பெரிய ஊருக்குள் போகிறாள். அங்கே அவர்கள் மீது பொய்ப் பழி விழுகிறது. குளத்தில் நீராடிக் காமவேள் கோயிலைத் தொழுதால் தோஷம் தீரும் என்று தேவந்தி பரிகாரம் சொல்கிறாள். அது தனக்குப் பெருமை அல்ல என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அந்த மறுப்பை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

மனநல மருத்துவர்களின் பதில் வேறு. பேரழிவிலிருந்து தப்பியவர்களுக்கு இத்தகைய கனவு திரும்பத் திரும்ப வருவது வரப்போவதன் அறிகுறி அல்ல, வந்துபோனதன் தழும்பு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்று தன் நூலுக்குப் பெயர் வைத்தது அதனால்தான். தனியொருவரின் மனம் மட்டும் அல்ல, ஒரு சமூகமே ஒன்றாகக் காயப்படும் என்பது அவர் நீண்ட காலம் வலியுறுத்திய விடயம். இந்தக் கனவுகளுக்கு எளிய பயிற்சி ஒன்றும் இன்று கையாளப்படுகிறது. பகலில், விழித்திருக்கும்போது, அதே கனவை எழுதி, முடிவை மட்டும் தன் விருப்பப்படி மாற்றி, அந்தப் புதிய கனவைத் தினமும் சில நிமிடங்கள் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பலருக்கு இதனால் கனவின் கடுமை குறைகிறது. தூக்கமே கெட்டு, பகலிலும் பயம் விடாதவர்கள் மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கனவுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. அதைச் சொல்லக் கனா நூலும் போதாது, வைத்திய நூலும் போதாது. அங்கே மக்கள் வழி தவறவில்லை, வழி அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. எந்த ஆண்டு, எந்தச் சட்டம் என்று திகதியோடு சொல்லலாம். அது நடந்தபோது அந்தச் சபையிலேயே உட்கார்ந்திருந்த ஒரு மனிதர், பிறகு தன் வாழ்நாள் முழுவதும் அதையே எழுதினார். அவர் சி.வி. வேலுப்பிள்ளை.

1914 செப்டம்பர் 14ஆம் திகதி வட்டகொடையில் மடக்கொம்பரைத் தோட்டத்தில் அவர் பிறந்தார். தலவாக்கலை தாண்டி நானுஓயாவுக்கு ஏறும் கோச்சிப் பாதையில் வட்டகொடை ஒரு சின்ன ஸ்டேஷன். அந்தப் பாதை 1885இல் நானுஓயா வரை வந்துவிட்டது. ஆகவே சி.வி. பிறந்த காலத்தில் தொழிலாளர்கள் கோச்சியில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பாட்டன்மார் அப்படி வரவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாட்கணக்காக நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதி வழியில் விழுந்தவர்கள் எத்தனை என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. கூட வந்தவர்கள் நிற்க முடியாது. விழுந்தவரை விட்டுவிட்டு நடந்தார்கள். மலையகத்தின் முதல் நினைவே வழியில் ஆளைத் தொலைத்த நினைவுதான்.

சி.வி. லயத்துக் காம்பராவில் பிறந்தவர் அல்ல. அவருடையது கங்காணிக் குடும்பம். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. கங்காணி என்றால் இந்தியக் கிராமத்திலிருந்து ஆள் கட்டி வந்தவர், கடனுக்குக் கணக்கு வைத்தவர், பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டவர். ஆட்களுக்கும் துரைக்கும் நடுவில் இருந்த வீடு அது. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. ஹட்டனிலும் பிறகு கொழும்பு நாலந்தா வித்தியாலயத்திலும் படித்தார், ஆங்கிலம் வந்தது. லயத்துப் பிள்ளைக்கு அதே வயதில் கிடைத்தது புல்லு வெட்டும் வேலை. இந்த வித்தியாசத்தை அவர் மறக்கவில்லை என்பது அவர் எழுத்தில் தெரிகிறது. கங்காணியை அவர் வெறும் வில்லனாக எழுதவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை.

1934இல் இரவீந்திரநாத் தாகூர் இலங்கைக்கு வந்தபோது சி.வி.க்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. ஆங்கிலத்தில் தான் எழுதிய ‘விஸ்மாஜினி’ என்ற இசை நாடகத்தைக் கவிஞரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். தோட்டத்தில் பிறந்த ஒரு பையன் கவிதைக்கு வழி கேட்டுப் போன முதல் வீடு தாகூருடையது என்று சொல்லலாம். அக்காலத்து எழுத்தில் கனவும் காதலும் கீழைத்தேயப் பூக்களும்தான் அதிகம். மலை இன்னும் அதற்குள் வரவில்லை.

மலை உள்ளே வர அரசியல் தேவைப்பட்டது. சி.வி.யின் இளமைக் காலத்தில் தோட்டத்துக்குள் வெளியார் கால் வைப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போல மூட்டை சுமந்துதான் லயங்களுக்குள் நுழைந்தார். மேடையில் பேசுவதற்கு முன் அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாடுவார், ஆட்கள் கூடுவார்கள். ரோட்டு துரைக்குச் சொந்தம், மலை துரைக்குச் சொந்தம், லயத்து வாசல்கூடத் துரைக்குச் சொந்தம் என்றிருந்த இடத்தில் வழியைக் கண்டுபிடிப்பதே ஒரு போராட்டமாக இருந்தது.

ஒரு சின்ன விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஹோலிரூட், டன்சினன், டெவன், எடின்பரோ என்று தோட்டங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் தங்கள் ஊரை நினைத்து வைத்தார்கள். அவர்களும் வீட்டைப் பிரிந்து வந்தவர்கள்தான். ஆனால் அவர்களால் தம் ஊர்ப் பெயரை மலையில் எழுத முடிந்தது. திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களால் அது முடியவில்லை. அவர்கள் தமக்குள் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள், அந்தப் பெயர்கள் வரைபடத்தில் ஏறவில்லை. மலைகளுக்கு நம்பர் மட்டும் இருந்தது.

1939 ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்திய காங்கிரஸ் உருவானது. சி.வி. அதில் சேர்ந்து தொழிற்சங்க வேலைக்கு வந்தார். 1947 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், மஸ்கெலியாவில் மோத்தா எனப் போன வரிசையில் தலவாக்கலையில் சி.வி. வென்றார். தான் பிறந்த மலையின் பிரதிநிதியாக, முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயதில், காலிமுகத் திடலருகே கடலைப் பார்த்து நின்ற சபைக்குள் போனார். தோட்டத்து ஆட்கள் வாக்குப் போட்டால் இடதுசாரிகளும் சேர்ந்து பலம் பெறுவார்கள் என்ற பயம் அப்போதே ஆட்சியாளர்களுக்கு வந்துவிட்டது.

அடுத்த ஆண்டே கணக்கு முடிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையர் என்று ஆக வேண்டுமானால் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்று கேட்டது. லயத்தில், மருத்துவிச்சி கையில், தீப்பந்தம் வெளிச்சத்தில் பிறந்தவருக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? பாட்டன் நடந்து வந்த காட்டு வழியில் யார் பதிவேடு வைத்திருந்தார்கள்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஒரு சின்னக் கதவைத் திறந்தது. அதற்கும் தொடர்ச்சியாக இத்தனை ஆண்டு வசித்ததற்கு ஆதாரம் வேண்டும். தாய் செத்த வீட்டுக்கு ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். அதே ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டம் வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்களை எடுத்தது. 1952 தேர்தலில் தலவாக்கலை இருந்தது, சி.வி.யைத் தெரிவு செய்த மக்கள் இருந்தார்கள், இடாப்பில்தான் அவர்கள் இல்லை. தெரிந்த ஒழுங்கை, தெரிந்த சந்தி, வீடு மட்டும் இல்லை.

இந்த இடத்தில் வடக்கு கிழக்கு வாசகர்களாகிய நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். 1949 சட்டத்துக்கு ஆதரவளித்தவர்களில் ஜி.ஜி. பொன்னம்பலமும் இருந்தார். இந்தப் பிரச்சினையில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது. எஸ்.ஜே.வி. செல்வநாயகம் விலகி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நம் அரசியல் வரலாற்றின் ஒரு பெரிய பிளவு தோட்டத்து மக்களின் வாக்குச்சீட்டில் ஆரம்பமானது. பிறகு அதை நாம் சௌகரியமாக மறந்தோம்.

இலங்கை இந்திய காங்கிரஸும் தவறில்லாமல் நடந்துகொண்டது என்று சொல்ல முடியாது. விண்ணப்பிப்பதைப் பகிஷ்கரிக்குமாறு முதலில் சொன்னது, பின்னர் மனம் மாறியது, அதற்குள் பொன்னான மாதங்கள் போயிருந்தன. 1951 ஓகஸ்டில் காலம் முடிவதற்குள் அவசரம் அவசரமாகப் படிவங்கள் நிரப்பப்பட்டன. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்தடித்து, கடைசியில் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானவர்களே ஏற்கப்பட்டார்கள். 1952 ஏப்ரல் இறுதியில் கொழும்பில் தொடங்கிய சத்தியாக்கிரகம் நூறு நாட்களைத் தாண்டியது. சட்டம் அசையவில்லை.

சபையில் இடமிழந்த சி.வி. அப்போதுதான் தன் முக்கியமான எழுத்துக்கு வந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வந்த நெடுங்கவிதை ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’. சக்தீ அ. பாலையா அதைத் தமிழாக்கி ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்ற பெயரில் 1969இல் வெளியிட்டார். இன்று பலர் அறிந்தது அந்தத் தமிழ் வடிவத்தைத்தான். பெரட்டுத் தப்புச் சத்தத்தோடு விடியும் ஒரு நாள் அதில் இருக்கிறது. தேயிலைத் தூருக்கடியில், கல்லறையும் பெயரும் இல்லாமல், புதைந்து கிடக்கும் முன்னோர் இருக்கிறார்கள். பொத்துவில் முதல் முள்ளிவாய்க்கால் வரை நடுகல் இல்லாமல் இறந்தவர்களை நினைக்கும் எவரும் அந்தக் கவிதையை அந்நியமாக உணரமாட்டார்கள்.

ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. சட்டம் எழுதிய மொழியிலேயே சட்டத்தால் விடுபட்டவர்களை எழுதினார். பிறகு தமிழுக்கு வந்தபோது நாவல்களாக வந்தார். ‘பார்வதி’, ‘எல்லைப்புறம்’, ‘வாழ்வற்ற வாழ்வு’, ‘வீடற்றவன்’, ‘இனிப்படமாட்டேன்’. இறந்த பின் வெளிவந்த நூல் ‘நாடற்றவர் கதை’. பெயர்களைத் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். வீடு, எல்லை, நாடு, வாழ்வு என்று ஒன்றொன்றாக இல்லாமல் போகும். ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தொகுப்புக்கு அவர் வைத்த பெயர்கூட வழிப்போக்கன் என்று பொருள்படும் ‘வேஃபேரர்’.

இவற்றில் ‘வீடற்றவன்’ நம் கனவுக்கு மிக நெருங்கியது. தோட்டத்தில் சங்கம் வைக்க முயன்ற ஒரு தொழிலாளி வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறான். வெளியில் இருப்பவர்களுக்கு வேலை போனது என்றால் வேலை மட்டும்தான் போனது. தோட்டத்தில் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டால் காம்பராவும் போகும், குழந்தையின் பிள்ளைக்காம்பராவும் போகும், பீலித் தண்ணீரும் போகும். வேலையும் வீடும் ஒரே கடதாசியில் கட்டப்பட்டிருந்தன. அடுத்த தோட்டத்தில் போய் நின்றால் சங்கக்காரன் என்ற பெயர் அவனுக்கு முன்னே போயிருக்கும். ஊருக்குள் திரும்பவும் முடியாது, வெளியே போகவும் இடமில்லை. வீடு தெரியாமல் அலையும் கெட்ட கனவு அங்கே ஒரு நிர்வாக நடைமுறை. நூல் 1981இல் வந்தது. இன்றும் காம்பரா குடியிருப்பாளரின் பெயரில் இல்லை என்பதையும், பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதம் தோட்ட அலுவலகம் வழியாகவே வருகிறது என்பதையும் அறிந்தவர்களுக்கு அது பழைய கதை அல்ல.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் கணக்கிடப்பட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் எடுப்பதாகப் பங்கு பிரித்தன. மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. ஒரே வீட்டில் தாய்க்கு இந்தியா, மகனுக்கு இலங்கை என்று வந்த குடும்பங்கள் இருந்தன. ஹட்டனிலிருந்தும் நானுஓயாவிலிருந்தும் தலைமன்னாருக்குப் போன கோச்சியை மக்கள் அழுகைக் கோச்சி என்றார்கள். ஸ்டேஷனில் ஒப்பாரி வைத்து அனுப்புவார்கள். இறந்தவருக்கு வைப்பது போலவே.

அப்படிப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம். இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். பாட்டனின் கிராமத்தைத் தேடிப் போனவர்களுக்கு அந்தக் கிராமத்தில் அவர்களைத் தெரிந்தவர் இல்லை. அங்கே அவர்கள் சிலோன்காரர்கள். இங்கே இருந்தபோது இந்தியாக்காரர்கள்.

சி.வி. அந்தக் காலத்தில் வெள்ளையனோடு தொழிலாளர் தேசிய சங்கத்தில் வேலை செய்தார். 1965இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் சார்பில் ‘மாவலி’ இதழை நடத்தினார். 1970இல் ‘போர்ன் டு லேபர்’ என்ற ஆங்கில நூலில் தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் படம் பிடித்தார். அரசியலில் அவர் தொண்டமானைப் போல ஆட்சி அதிகாரத்துக்குள் போகவில்லை. மேடைப் பேச்சிலும் அவர் பெரிய சூறாவளி அல்ல என்பார்கள். அவர் செய்தது எழுதி வைப்பது. ஒரு தொழிற்சங்கக்காரருக்கு அது போதுமா என்று கேட்டால், அன்று போதாது என்றுதான் நானும் சொல்வேன். ஐம்பது ஆண்டு கழித்து இன்று பார்க்கும்போது, அன்றைய பேச்சுகள் காற்றில் போய்விட்டன, அவர் எழுதியது கையில் இருக்கிறது.

எழுபதுகள் மலையகத்துக்குப் பஞ்சமாக வந்தன. தோட்டங்கள் அரசுடைமையாயின. வேலை நாட்கள் குறைந்தன, மாவும் அரிசியும் கிடைக்கவில்லை. கண்டித் தெருக்களில் தோட்டத்து ஆட்கள் பிச்சைக்கு உட்கார்ந்தார்கள். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க எடுத்த முயற்சியை மக்கள் மறித்தார்கள். 1977 மே 11ஆம் திகதி தலவாக்கலைக்குப் பக்கத்தில் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டது. சிவனு லெட்சுமணன் இறந்தார். சி.வி.யை முன்னர் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மண் அது. அதே ஆண்டு ஓகஸ்டில் இனக்கலவரம் வந்தது. லயங்கள் எரிந்தன. குடும்பங்கள் வடக்கு நோக்கி நகர்ந்தன.

பாட்டன் மன்னாரிலிருந்து மலைக்கு ஏறிய வழியில் பேரன் மலையிலிருந்து வவுனியாவுக்கு இறங்கினான். காந்தீயம் இயக்கத்தின் டேவிட்டும் டொக்டர் இராஜசுந்தரமும் அவர்களைக் குடியமர்த்த முயன்றார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ற் பாம் குடியேற்றங்களிலிருந்து மலையகக் குடும்பங்கள் 1984இல் விரட்டப்பட்டன. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் என்று வளர்ந்த ஊர்களில் இன்று வாழ்பவர்களில் பலர் அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். 2009இல் அவர்களும் மற்றவர்களோடு முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள். அந்த மக்களுக்கு அது மூன்றாவது, நான்காவது நடை. வீடு தெரியாமல் போகும் கனவை அவர்களைவிட உரிமையோடு காணக்கூடியவர்கள் நம்மில் இல்லை. ஆனால் அவர்களைத் தோட்டக்காட்டான் என்று அழைத்த வாய்கள் வடக்கில் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. காணி உறுதி என்று வரும்போது கடைசி வரிசையில் நிற்பவர்களும் அவர்களே.

சி.வி.யின் கடைசி ஆண்டுகளில் அவர் கைக்கொண்ட வேலை வித்தியாசமானது. வயலிலும் மலையிலும் பாடப்பட்ட பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று 1983இல் நூலாக்கினார். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு, கொழுந்து மலையில் ஆளுக்கு ஒரு வரி எடுத்துப் பாடுவது, கண்டிச் சீமைக்கு வந்த வழியைச் சொல்வது. பாட்டுப் பாடிய பலருக்கு எழுத்துத் தெரியாது, பிறப்புப் பத்திரம் இல்லை, இடாப்பில் பெயர் இல்லை. ஆனால் எந்தக் கரையில் இறங்கினோம், எந்தக் காட்டில் தண்ணீர் இல்லாமல் தவித்தோம், யாரை விட்டுவிட்டு வந்தோம் என்பது பாட்டில் இருந்தது. பாட்டனும் பூட்டனும் எங்கே என்று சட்டம் கேட்டதே, அந்தக் கேள்விக்கு மக்களிடம் இருந்த பதில் இதுதான். எந்த அலுவலகமும் அதைப் பத்திரமாக ஏற்காது. இருந்தாலும் அவர் பதிந்து வைத்தார். ஜூலைக் கலவரம் நடந்த அதே ஆண்டில் இந்த நூல் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறு ஆண்டு, 1984 நவம்பர் 19ஆம் திகதி, எழுபது வயதில் சி.வி. இறந்தார். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடிய கப்பலும் போர் காரணமாக அந்த ஆண்டோடு நின்றது. போக வேண்டியவர்கள் என்று எழுதப்பட்டும் போகாதவர்கள் பல்லாயிரம் பேர் மலையிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு முழுதாகப் பிரஜாவுரிமை வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள். சி.வி.க்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் அதற்குள் தேயிலைக்கு அடியில் போய்விட்டார்கள்.

மலையக மக்கள் இந்தத் தீவுக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. முன்னோர் நடந்த வழியிலேயே போவது திட்டம். மன்னார் கடந்து, மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை என்று பதினாறு நாட்கள். இளம் பெண்கள், தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள், சிங்கள, முஸ்லிம் நண்பர்கள், மதகுருமார் என்று பலர் சேர்ந்தார்கள். ஊருக்கு ஊர் தண்ணீரும் சோறும் கிடைத்தது. ஓகஸ்ட் 12ஆம் திகதி அவர்கள் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள்.